கதிரை மறைக்கும் புகையும் உயிரை மறைக்கும் வினையும்



உயிரின் இயல்பு எல்லையற்ற அறிவு. ஆயினும் ஞானாவரணீயம் என்னும் வினை அதனை மூடி நிற்கிறது. முகில் மறைப்பதால் கதிரவன் ஒளி குன்றிவிடுவதில்லை. அது நம்மை வந்தடைவதே குன்றுகிறது என நம் பெரியோர் இதற்கு உவமை காட்டுவர். இக்காலத்தில் முகில் மட்டுமன்றிப் புகையும் கதிரை மறைக்கிறது.

எரிபொருள் எரியும்போது எழும் கரித்துகள் ஒளியை உறிஞ்சுகிறது. கந்தகப் புகையிலிருந்து உண்டாகும் நுண்துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிவியலறிஞர் வீ. இராமநாதன் முதலியோர் 1999ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடல் மீது பரந்து கிடந்த பழுப்புநிறப் புகைப்படலத்தை ஆராய்ந்தனர். தில்லியில் நுண்துகள்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 விழுக்காடு சூரிய ஒளி குறைகிறது என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. காந்திநகரில் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. சில வாரங்கள் துடைக்காதிருந்த மின்தகடுகளைத் துடைத்ததும் மின்விளைவு ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்ந்ததாம்!

சென்னைக் கிண்டியை நோக்குவோம். 1958 முதல் தொழிற்பேட்டை இயங்கும் இடம் அது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகமும் அங்கேயே உள்ளது. கிண்டியை அடுத்த மீனம்பாக்கத்தில், 2018 ஜனவரி 13, போகி நாள் காலையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க இயலாமல் திருப்பி விடப்பட்டன. அப்புகை ஆலைகளின் புகை மட்டுமன்று. வீட்டு வாயில்களில் மூட்டிய தீயின் புகையுமாகும்.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்பன நாமறிந்த தத்துவங்கள். புகை எழுவது ஊற்றினை ஒக்கும். தகட்டில் படிந்த தூசைத் துடைப்பது உதிர்ப்பினை ஒக்கும். புகையை எழாமலே தடுப்பது செறிப்பினை ஒக்கும். ஊற்று அடைபடாதவரை உதிர்ப்பு மட்டும் என்ன பயன் தரும்? தகட்டைத் துடைக்கலாம், வானத்தைத் துடைக்க வல்லார் யார்?

2024இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தால் வீட்டு மாடிகளில் மின்தகடு அமைக்க மானியம் கிடைக்கிறது. நம் இல்லங்கள் சிலவற்றிலும் அவை ஏறியிருக்கலாம். மாடியில் கதிரொளியை வேண்டி நின்று, வாயிலில் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது முறையாகுமா? காற்றும் நெருப்பும் உயிருடையன என்பது ஜினநெறி. குப்பையில் ஒண்டியிருக்கும் சிற்றுயிர்களும் அத்தீயில் மடிகின்றன. பயனின்றித் தீ மூட்டுவது அநர்த்த தண்டம். இல்லறத்தார் விலக்க வேண்டிய குற்றம்.

ஆதலால் வரும் போகியில் பழையன கழிப்போம், எரிக்க மாட்டோம். உடுக்கத்தக்க துணியை இல்லார்க்கு ஈவோம். ஏனையவற்றைக் குப்பை சேகரிப்போரிடம் பிரித்துக் கொடுப்போம். அண்மையிலுள்ள இடத்திற்கு நடந்து செல்வோம். தகட்டைத் துடைக்கும்போது, நீருயிர்களை நினைந்து, வடிகட்டிய நீரை அளவோடு பயன்படுத்துவோம். இவற்றைப் பிள்ளைகள் கண்ணெதிரே செய்வோமாயின் அவர்களுக்குத் தனியே பாடம் சொல்ல வேண்டுவதில்லை.

வானில் புகை அடங்குக. உள்ளத்தில் வினை உதிர்க. அறம் வளர்க!