சேது என்னும் சொல்லும் உறங்காத வளைவும்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில், விருத்தகிரீசுவரர் கோயிலுக்கு அருகே ஓடும் மணிமுத்தாறு கங்கைக்கு நிகராகக் கருதப்படுகிறது. இறந்தோரின் சாம்பலையும் எலும்பையும் அதில் இட்டால் வீடுபேறு கிட்டும் என்பதும், இட்ட எலும்புகள் கற்களாக ஆற்றடியில் தங்கிவிடும் என்பதும் தலமரபு. இத்தலத்து இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் இவ்வாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறும். இவ்விரண்டு நம்பிக்கைகளிலும் அப்பாலுள்ள பேறு ஆற்றில் இறங்குவதன் வழியாகவே வாய்க்கிறது. தீர்த்தம் என்ற சொல்லும், கடத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்து, இறங்கிக் கடக்கும் துறையை முதலில் சுட்டி, பின்னரே புனித நீருக்குப் பெயராயிற்று. அவ்வாறாயின், கால் நனையாமல் ஆற்றைக் கடக்கச் செய்யும் பாலத்துக்குச் சமயச் சிந்தனையில் உள்ள இடம் யாது என்ற வினா எழுகிறது.

அதற்கான விடையைச் சேது என்ற சொல்லில் தேடலாம். பிணைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த இச்சொல், வயல்களைப் பிரிக்கும் வரப்பையும் நீரைத் தடுக்கும் அணையையும், அவற்றின்மேல் மக்கள் நடந்து கடப்பதால் பாலத்தையும் குறித்தது. இராமேசுவரத்துச் சேதுவும், அதன் காவலர் என்ற பொருளில் இராமநாதபுரம் மன்னர்கள் தாங்கிய சேதுபதி என்ற பட்டமும் தமிழர் நன்கறிந்தவை. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் இயல், உலகங்கள் ஒன்றோடொன்று கலந்து குலையாதபடி தாங்கி நிற்கும் சேது ஆன்மாவே என்கிறது. இவ்வுவமை ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. பாலம் என்பது கடந்துபோவதற்கு உரியது. கடந்தபின் சேரவேண்டிய மறுகரை ஒன்று உண்டு. ஆகவே பரம்பொருளைச் சேது என்றால் அதற்கும் மேலான பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்ற எதிர்வாதத்தைப் பிரம்மசூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதத்தில் எடுத்து ஆராய்கிறது.

சங்கரர் தம் உரையில், உலகத்துச் சேதுக்கள் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை என்பதற்காகப் பரம்பொருளையும் மண்ணும் மரமும் என்று யாரும் கொள்வதில்லை என்று காட்டி, தாங்குதல் என்ற ஒரு பண்பில் மட்டுமே ஒப்புமை கூறப்பட்டது என்று விடையளிக்கிறார். சேதுவைக் கடத்தல் என்பதற்கு அதை அடைதல் என்றே பொருள் என்றும், இலக்கணத்தைக் கடந்தவர் என்றால் அதை விட்டு நீங்கியவர் அல்லர், அதில் தேர்ந்தவரே என்றும் அவர் விளக்குகிறார். கல்வியில் கரை கண்டவர் என்னும் தமிழ் வழக்கும் இத்தகையதே. இராமானுசரோ சேது என்பதன் வேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு, எல்லாப் பொருள்களையும் கலக்கவிடாமல் தன்னோடு பிணைத்திருப்பது என்று உரைகண்டு, எதிர்வாதத்தை மறுப்பதில் சங்கரரோடு ஒன்றுபடுகிறார்.

தாங்குதலே சேதுவின் இயல்பு என்றால், கல் வளைவுப் பாலம் அதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டாகும். தமிழகக் கோயில்களின் மரபான அமைப்பில் தூண்மேல் உத்திரம் கிடக்கிறது. பாரம் நேராகக் கீழிறங்கி அமைதி கொள்கிறது. வளைவிலோ ஆப்பு வடிவில் செதுக்கிய ஒவ்வொரு கல்லும் விழ முயல்கிறது, அண்டைக் கற்கள் அதை விழவிடாமல் நெருக்குகின்றன, அந்நெருக்கம் இருபுறத்து அடித்தளங்களையும் ஓயாமல் வெளிநோக்கித் தள்ளுகிறது. உச்சிக்கல் பொருந்தும்வரை மரச்சட்டமே கற்களைத் தாங்க, அதை நீக்கியபின் கற்கள் தம்மைத் தாமே தாங்குகின்றன. வளைவு ஒருபோதும் உறங்குவதில்லை என்று இந்தியக் கட்டடக் கலைஞர் சொல்லிவந்ததாக 19-ஆம் நூற்றாண்டுக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் எழுதினார். அவர்கள் குறையாகக் கண்ட அந்த உறக்கமின்மையே, ஒரு கணமும் ஓயாமல் உலகைத் தாங்கும் உபநிடதச் சேதுவின் இலக்கணமாக அமைகிறது.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கத் தாமிரபரணியின் குறுக்கே 1843-இல் திறக்கப்பட்ட பாலம் இக்கருத்தை அறத்தோடு பொருத்திக் காட்டுகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார், அதாவது தலைமை உள்நாட்டு அலுவலர், பதவி வகித்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளை ஈந்து, ஹார்ஸ்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி, ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகளுடன் அமைத்த பாலம் அது. கிணறு, குளம், சோலை முதலிய பொதுப்பயன் கொடைகளை வடநூலார் பூர்த்தம் என்பர், பாலமும் அவ்வகையினதே. 1869-ஆம் ஆண்டு வெள்ளம் அதைச் சேதப்படுத்தியது. பின்னர் அது செப்பனிடப்பட்டது, பிற்காலத்தில் அகலப்படுத்தவும்பட்டது. தருமம் என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் தாங்குதலே என்பதை இங்கு நினைவுகூர்ந்தால், கொடுத்த நாளோடு கொடை முடிந்துவிடுவதில்லை என்பதும், செப்பனிடும் கைகள் ஓய்ந்தால் வளைவும் அறமும் ஒருங்கே சரியும் என்பதும் விளங்கும்.

தமிழகக் கல்வெட்டுகளில் கொடையாளர் பலர், தாம் செய்த தருமத்தைப் பிற்காலத்தில் காப்பவர் எவரோ அவருடைய பாதங்கள் தம் தலைமேல் இருப்பனவாக என்று பொறித்துச் சென்றதும் இவ்வுணர்வினாலேயே ஆகும். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்டவருக்கும் ஏரிக்கு மதகு வைத்தவருக்கும் அது பணிவு மொழியாக நின்றது. பாலம் கட்டியவரின் கொடையிலோ, வருவோர் போவோர் அனைவருடைய பாதங்களும் நாள்தோறும் பதிகின்றன.