தன்னைத் தானே மதித்தெழுதல்

உத்தியோகசாலைகள் பலவற்றிலும் வித்தியாசாலைகள் சிலவற்றிலும் இக்காலத்து ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு முடிவிலே ஊழியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரம் கொடுக்கப்படுகின்றது. இவ்வாண்டிலே நீர் மேற்கொண்ட கருமங்கள் எவை, அவற்றுள் முடித்தவை எவை, உம்மிடத்துள்ள குறைகள் எவை என்று அது வினாவும். எழுதிய விடையையும் மேலதிகாரியின் கருத்தையும் ஒருங்கு வைத்துச் சம்பளவுயர்ச்சியும் பதவியுயர்ச்சியும் தீர்மானிக்கப்படுதலும் உண்டு. நல்லொழுக்கமுடைய ஆசிரியர் பலர் இப்பத்திரத்தை எடுத்தவுடன் கை கூசி நிற்கின்றனர். தம்மைத் தாமே புகழ்தல் இழிவன்றோ என்பது அவர்க்குள்ள ஐயம். அவ்வையத்தை ஈண்டு ஆராய்வாம்.

தற்புகழ்ச்சி குற்றமென்பது யாவர்க்கும் உடன்பாடு. பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்திலே, அரிய நூல் செய்தானாயினும் ஒருவன் தன்னைத் தான் புகழ்தல் தகாதென்றே விதித்தார். சிறப்புப்பாயிரஞ் செய்தற்குரியவர் நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என அவர் வகுத்ததும் இதுபற்றியே. ஆயினும், அவர் அவ்வளவில் நின்றாரல்லர். அரசனவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் வன்மையை அறியாதாரிடத்தும், சபையிலே வாது வெல்லவேண்டிய போதும், எதிரி தன்னை இகழ்ந்தபோதும் புலவன் தன்னை எடுத்துரைத்தல் பொருந்துமென அடுத்த சூத்திரத்திலே விலக்குங் கூறினார். இவற்றுள் முதலிரண்டும் நாம் எடுத்துக்கொண்ட பத்திரத்துக்கு நன்கு பொருந்தும். அஃது அதிகாரிகள் கேட்க விடுக்கும் ஓலை. அதனைப் படிப்பவரோ நம் வகுப்பிலே நாடோறும் நின்று பார்த்தவரல்லர். ஆதலால், அதிலே நம் தொழிலை எடுத்துரைத்தல் குற்றமாகாது.

விலக்குண்டென்பதனாற் பொய்க்கும் இடமுண்டென்று கொள்ளற்க. பெருக்கியெழுதுதல் பொய், அது யாவரும் அறிந்தது. குறைத்தெழுதுதலும் பொய்யேயாம், அதனைப் பணிவென்று மயங்குவார் பலர். செய்த வேலையை மறைத்தவர்க்கு அவர்தம் உயர்ச்சி மாத்திரமா கெடுவது? அவர் கண்ட நல்ல முறை பிறர்க்குப் பயன்படாதொழியும். அவர்க்குரிய பதவி வாய்ச்சாலகம் மிக்கார் ஒருவரைச் சேரும். அவர்கீழ்ப் பிள்ளைகள் பல்லாண்டு வருந்துவர்.

ஆகவே, இப்பத்திரத்தைச் சாட்சியாகக் கருதி எழுதுக. நல்ல சாட்சி அடைமொழிகளை அடுக்கான், கண்டதைச் சொல்வான். "கடமையிற் சிறந்து விளங்கினேன்" என்பது ஒருவராலும் சோதிக்கப்படாத வாக்கியம். "தை மாதத்திலே வாசிக்கமாட்டாத பிள்ளைகள் 9 பேர் இருந்தனர், கார்த்திகையிலே 6 பேர் வாசித்தனர், 3 பேர் இன்னும் வாசிக்கின்றிலர், மாலை வகுப்பிலே உடனாசிரியர் ஒருவர் துணைசெய்தார்" என்று ஒருவர் எழுதுவாராயின், அதிலே எண்ணும் உண்டு, குறையும் உண்டு, பிறர்க்குரிய பங்கும் உண்டு. ஐயமுற்றார் வகுப்புக்குச் சென்று சோதித்தறியலாம்.

இனி, ஒருவன் தன்னைத் தான் சரியாக அறிதல் கூடுமோவெனின், எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே கோணெல் சர்வகலாசாலையைச் சார்ந்த டன்னிங், குரூகர் என்னும் இருவர் 1999 ஆம் ஆண்டிலே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். இலக்கணம், தருக்கம் முதலியவற்றிலே பரீட்சிக்கப்பட்டோருள் கடைக் காற்பங்கினர், சராசரியாக நூற்றுக்கு 12 பேரை விஞ்சும் நிலையிலிருந்தும், 62 பேரை விஞ்சினோமென்று எண்ணினர். முதற் காற்பங்கினரோ தம் நிலையைக் குறைத்தே எண்ணினர். ஆதலின், மனத்திருப்தியை நம்பி ஆண்டிறுதியில் எழுதலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டினரான பெஞ்சமின் பிராங்கிளின், 13 நற்குணங்களைக் குறித்து, வாரத்தின் ஏழு நாளுக்குங் கோடிட்ட சிறுபுத்தகத்திலே, தவறியபோதெல்லாம் கரும்புள்ளியிட்டு வந்தார். எண்ணியிருந்ததினும் தம்பாற் குற்றம் மிகுதியெனக் கண்டு வியந்ததாகத் தம் சரித்திரத்திலே கூறுகின்றார். ஆசிரியரும் வாரந்தோறும் இரண்டு வரி எழுதிவைப்பாராயின், ஆண்டிறுதியிலே கற்பனைக்கு வேலையில்லை.

குறைகளை எழுதின் அவையே நமக்கு எதிராகுமேயென்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வீணன்று. இங்கிலாந்திலே 1862 ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிகளின்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பிள்ளைகள் பரிசோதகர்முன் தேறுதலைக்கொண்டே பாடசாலைக்குரிய அரசாங்க நன்கொடை பெரும்பாலும் அளக்கப்பட்டது. விளைந்தது யாது? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுருப் பண்ணினர். மற்றைப் பாடங்கள் சுருங்கின. பரிசோதகராயிருந்த மத்தியூ ஆர்னல்ட் அம்முறையை வன்மையாகக் கண்டித்தார். 1890 ஆம் ஆண்டு தொடங்கி அது படிப்படியாக நீக்கப்பட்டது. அளவையோடு பணத்தை இறுகப் பிணித்தால் மனிதர் அவ்வளவைக்கே உழைப்பர். ஆகையால், பத்திரத்தைப் படிப்போர்க்கும் கடமையுண்டு. உள்ள குறையை ஒளியாது எழுதிய ஆசிரியரைத் தலைமையாசிரியர் அதுகொண்டே தண்டிப்பாராயின், அடுத்த ஆண்டு தொடங்கி அப்பாடசாலையிலே ஒருவரும் மெய்யெழுதார்.

எழுதுவோர் குறையோடு அதன் காரணத்தையும், அதனை நீக்குதற்குக் கொண்ட வழியையும், வேண்டும் உதவியையும் சேர்த்தெழுதுக. வாசிக்கமாட்டாத அம்மூவருள் ஒருவனுக்குக் கண்பார்வை குறைவு, மூக்குக்கண்ணாடி வேண்டும் என்று ஒரு வரி எழுதப்படுமாயின், அவ்வரியாலே முதலிற் பயன்பெறுபவன் அப்பிள்ளையே.

ஆசிரியர்காள்! பத்திரம் வரும்போது கூசவும் வேண்டா, முழங்கவும் வேண்டா. மாணாக்கருடைய விடைத்தாள்களை எவ்வாறு நடுநின்று திருத்துகின்றீர்களோ, அவ்வாறே உங்கள் ஓராண்டு வேலையையும் நடுநின்று திருத்துவீர்களாக.