விதி என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

2023 ஆகஸ்ட் 17 ஞாபகம் இருக்கா? லங்காவியிலிருந்து சுபாங் வந்த ஒரு சின்ன ஜெட் விமானம், தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஷா ஆலம் எல்மினாவில் சாலையில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள். கீழே காரில் போன ஒருவர், மோட்டாரில் போன ஒருவர், ஆக மொத்தம் 10 உயிர்.

அந்த வாரம் பெக்கான் நானாஸில் பெரியவர்கள் பேச்செல்லாம் இதுதான். 1977-இல் தஞ்சோங் கூப்பாங்கில் 100 பேரோடு விழுந்த விமானத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றே: "அந்த மோட்டார்காரப் பையன் விதி, அந்த நேரத்துக்கு அங்க போயிருக்கான்."

இந்தப் பேச்சு எனக்கு உறுத்துகிறது. அழுகிற தாயிடம் ஆறுதலாகச் சொன்னால் சரி, வேறு என்னதான் சொல்வது? ஆனால் நாம் பல நேரம் கேள்வியை மூடத்தான் அந்தச் சொல்லை எடுக்கிறோம்.

விசாரணை அறிக்கை வேறு கதை சொன்னது. இறக்கையின் மேல் சில தகடுகள் உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அவை நிமிர்ந்து, இறக்கையின் தூக்குவிசையைக் கெடுக்கும். அப்போதுதான் விமானத்தின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கி பிரேக் பிடிக்கும். வானத்தில் அதை விரிக்கவே கூடாது. தரையிறங்கும் முன் செய்யும் சரிபார்ப்பின்போது துணை விமானி தவறுதலாக விரித்துவிட்டார். அவசர அழைப்பு கொடுக்கக்கூட நேரமில்லை.

சரி, அப்போ பாவம் துணை விமானிக்கா? அவர் வேணும்னு செய்யவில்லை, அவரும் செத்துப்போனார். பொறியியல் படிக்கிற எனக்கு அடுத்த கேள்விதான் பெரிது: பறக்கும்போது விரியக் கூடாத ஒன்று, விரியும்படி ஏன் இருந்தது? வடிவமைத்தவர், பயிற்சி கொடுத்தவர், யார் எந்த இருக்கையில் உட்காரலாம் என்று முடிவு செய்தவர், இவர்கள் செய்ததும் வினைதானே? கர்மா என்றால் செயல். செத்தவனின் முன்ஜென்மத்தைத் தோண்டுகிற நாம், உயிரோடு இருப்பவர்களின் செயலை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். இளவரசனும் வேண்டுமென்று கன்றின் மேல் தேர் ஏற்றவில்லை. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர் சொல்லியும் மன்னன் கேட்கவில்லை. கன்றின் விதி என்று அவன் சொல்லவே இல்லை, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகன் மேல் தேரை ஓட்டிய தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவனைத் தண்டித்துவிட்டால் அடுத்த கன்று பிழைக்குமா?

விமான விபத்து விசாரணைக்கான உலக விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது: நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றம் சுமத்துவது அல்ல. அறிவுக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் மணியை அடித்த பசுவுக்கு, அதாவது அந்தப் பையனைப் பெற்றவளுக்கு, இது நியாயமாகப் படுமா? இங்கே எனக்கே தெளிவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தைப்பூசத்துக்கு பத்துமலை போக பஸ் எடுக்கும்போது டயரையும் பிரேக்கையும் பற்றி விசாரித்தால், "சாமி பார்த்துக்கும், ஏறுப்பா" என்கிறார்களே, அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?