சத்திரத்தில் ஓர் இடம்

புண்ணிய ஸ்தலத்துக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது தங்குமிடத்தைப் பற்றித்தான். சுவாமி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். தலை சாய்க்கும் இடம்தான் தெரியாது. காசிக்குப் போனாலும் சரி, ராமேசுவரத்துக்குப் போனாலும் சரி, "சத்திரம் இருக்கிறதா? தண்ணீர் வசதி எப்படி? சமைத்துக்கொள்ள விடுவார்களா?" என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டுதான் மூட்டை கட்டுகிறோம். இதில் பரிகாசம் செய்ய ஒன்றுமில்லை. உடம்பை ஓரிடத்தில் கிடத்திய பிறகுதானே மனசு வேறு காரியம் பார்க்க முடியும்?

புத்தகயைக்குப் போய் ஒரு வாரம் தங்கி வருவது என்று நான் தீர்மானித்தபோதும் இந்த விசாரணையில்தான் ஆரம்பித்தேன். தொண்டாமுத்தூரிலிருந்து அது வெகுதூரம். கோயமுத்தூரில் ரயிலேறி, சென்னையில் மாறி, கயா போய்ச் சேர இரண்டு நாள் பிரயாணம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து புத்தகயை இன்னும் சுமார் 15 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போகிறவன் இறங்கிய பிறகு இடம் தேடுவது என்பது இருபது வயதில் நடக்கும். நாற்பதைத் தாண்டியவனுக்குச் சரிப்படாது.

அந்த ஊரில் இரண்டு வகையான இடங்கள் இருப்பதாகத் தெரியவந்தது. ஒன்று, மற்ற ஊர்களில் உள்ளதுபோல வாடகை வாங்கும் ஹோட்டல்கள். மற்றது, பௌத்த மடாலயங்களைச் சேர்ந்த விடுதிகள். பர்மா, தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், திபெத், இலங்கை என்று பௌத்தம் வாழும் நாடுகளின் கோயில்கள் அந்தச் சிற்றூரில் வரிசையாக நிற்கின்றன. பல கோயில்களை ஒட்டி யாத்திரிகர்கள் தங்க அறைகள் கட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் சொற்பத் தொகை வாங்குகிறார்கள். சிலவற்றில் இவ்வளவு என்று சொல்வதே கிடையாது. போகும்போது உண்டியலில் இஷ்டப்பட்டதைப் போட்டுவிட்டுப் போகலாம்.

இது தெரிந்தவுடன் எனக்குச் சந்தோஷம்தான். விடியற்காலையில் மணிச்சத்தம் கேட்டு எழுந்திருக்கலாம். நாலடி நடந்தால் போதி மரம். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் குறுக்கே வந்து நின்றது. நான் பௌத்தன் அல்ல. புத்தர்மீது மரியாதை உண்டு; அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன்; அந்த மரத்தடியில் சற்று உட்கார வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நம்புகிறவர்களுக்காக நம்புகிறவர்கள் கட்டிய அறையில் எனக்குப் படுக்க உரிமை உண்டா?

அற்ப விஷயம் என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதே கேள்வி வேறு வேஷத்தில் நம் வீட்டு வாசலுக்குத் தினம் வருகிறது. தர்ம ஆஸ்பத்திரியின் இலவசப் படுக்கையில் வசதியுள்ளவன் படுக்கலாமா? கோயில் அன்னதானப் பந்தியில், காரில் வந்து இறங்கியவன் உட்காரலாமா? ஏழைப் பிள்ளைகளுக்கு என்று யாரோ வைத்துவிட்டுப் போன உபகாரச் சம்பளத்துக்கு நம் பிள்ளை மனுப் போடலாமா? சட்டம் தடுக்காது. கொடுக்கிறவரும் கேட்கமாட்டார். அதனால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் என்னோடு கயாவுக்கு வருவதாக இருக்கிறார். பாக்கும் வாழையும் வைத்திருப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அமாவாசைக்குப் பேரூர் நொய்யல் படித்துறையில் திதி கொடுத்து வருகிறவருக்கு, தகப்பனாருக்கு ஒருமுறை கயாவில் பிண்டம் போட வேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். கயா சிராத்தத்தில் பிண்டம் வைக்கும் இடங்களின் வரிசையில் புத்தகயைப் போதி மரமும் ஒன்று என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட. என் சந்தேகத்தை அவரிடம் சொன்னேன்.

"ஏந்தம்பி, மாசி பங்குனியில வெள்ளியங்கிரி மலைக்குப் போறவங்களுக்கு வழியில மோர் ஊத்தறாங்களே, 'சாமி கும்பிடப் போறியா, சும்மா காட்டைப் பாக்கப் போறியா'ன்னு கேட்டுட்டா ஊத்தறாங்க?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

"கொடுக்கறவன் கேக்கறதில்லை. அப்புறம் நீங்க எதுக்குங்க அதைப் போட்டு ரோசனை பண்றீங்க?"

அவர் சொன்னது சாதாரணப் பேச்சல்ல. சரித்திரமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. புத்தகயையில் தங்க இடமில்லை என்ற புகார் நேற்று எழுந்ததல்ல. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுந்திருக்கிறது. இலங்கையிலிருந்து போதி மரத்தைத் தரிசிக்கப் போன பிட்சுக்கள் அங்கே தங்க இடம் கிடைக்காமல் அவஸ்தைப்பட்டுத் திரும்பி, தங்கள் அரசன் மேகவர்ணனிடம் முறையிட்டார்கள். அவன் வெகுமதிகளுடன் சமுத்திரகுப்தனிடம் தூது அனுப்பி, போதி மரத்துக்கு அருகே சிங்களப் பிட்சுக்களுக்காக ஒரு விகாரை கட்ட அனுமதி வாங்கினான். சீன நூல்கள் இதைச் சொல்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்தபோது அந்த விகாரையில் சுமார் ஆயிரம் பிட்சுக்கள் இருந்தார்கள். அனுமதி கொடுத்த சமுத்திரகுப்தன் பௌத்தன் அல்ல. அசுவமேத யாகம் செய்தவன்.

நம் பக்கத்திலும் இதற்கு ஜோடியாக ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் சூடாமணி விகாரையைக் கட்டியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை விட்டுக்கொடுத்தவன், தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிய ராஜராஜன். ஆண்டு 1006. சிவபாதசேகரன் என்று பட்டம் சூட்டிக்கொண்டவன், கடல் கடந்து வந்தவனுடைய புத்தருக்கு ஊர் கொடுத்தான். ஆக, இடம் கொடுக்கும் விஷயத்தில் "நீ யாரை நம்புகிறாய்?" என்ற கேள்வியைப் பெரியவர்கள் கேட்டதில்லை. மணிமேகலையின் அமுதசுரபியும் பசியைத்தான் கேட்டது; சமயத்தைக் கேட்கவில்லை.

இவ்வளவும் கொடுப்பவனுடைய தர்மம். தோட்டத்துக்காரர் பேசியதும் அதைப் பற்றித்தான். வாங்குகிறவனுக்கு என்று தனியாக ஒரு தர்மம் இல்லையா? கொடுப்பவன் கேள்வி கேட்காமல் இருப்பது அவனுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நம்பி நாமும் கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாமா?

இதற்குப் பதில் புத்தர் வகுத்த விதிகளிலேயே இருக்கிறது. பிட்சுக்களுக்கான விநய நூல்களில் ஒரு கதை வருகிறது. சாவத்தியில் ஒரு தர்ம சத்திரம். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அங்கே உணவு உண்டு. சில பிட்சுக்கள் ஒருநாள் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. மறுநாளும் அங்கேயே தங்கிச் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. இவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்டு மற்றச் சமயத்துப் பரதேசிகள் ஒதுங்கிப் போனார்கள். "இந்தச் சோறு இவர்களுக்கு மட்டுமா வைத்தது? எல்லோருக்கும் வைத்தது அல்லவா?" என்று ஊரார் முணுமுணுத்தார்கள். விஷயம் புத்தர் காதுக்குப் போயிற்று. சத்திரத்துச் சோற்றை ஒரு வேளைக்கு மேல் பிட்சு உண்ணக்கூடாது என்று அவர் விதி செய்தார்.

கதை அங்கே முடியவில்லை. கோசல நாட்டில் நடந்துபோன சாரிபுத்தர் ஒரு சத்திரத்தில் தங்கினார். ஒரு வேளை சாப்பிட்டார். பிறகு கடுமையான நோய் வந்து, அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மறுநாள் சத்திரத்து ஜனங்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தபோது, விதியை நினைத்து அவர் வாங்கவில்லை, பட்டினி கிடந்தார். இதைக் கேட்ட புத்தர் விதியைத் திருத்தினார்: நோயாளியாக இருந்தால் ஒரு வேளைக்கு மேலும் உண்ணலாம்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் யாருடைய நம்பிக்கையைப் பற்றியும் பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சம்பவத்தில் ஒதுங்கிப் போனவர்கள் பிற சமயத்தார். அவர்களுடைய இடத்தைத் தம் சீடர்கள் அடைத்துக்கொண்டது தவறு என்பதே புத்தரின் தீர்ப்பாக எனக்குப் படுகிறது. இரண்டாவது சம்பவத்தில் சலுகை கிடைத்தது, சாரிபுத்தர் தலைமைச் சீடர் என்பதற்காக அல்ல. அவரால் நடக்க முடியவில்லை என்பதற்காக. எல்லோருக்கும் என்று வைத்த பொருளில் ஒருவனுடைய உரிமையைத் தீர்மானிப்பது அவனுடைய தேவை. தேவை தீர்ந்ததும் நகர்ந்துகொள்வது அவன் கடமை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு என் பிரயாணத் திட்டத்தைப் பார்த்தேன். முதலில் டிசம்பர், ஜனவரியில் போவதாகத்தான் இருந்தேன். குளிர்காலம்; சுற்றிப் பார்க்கச் சௌகரியம். ஆனால் புத்தகயையில் கூட்டம் நெரிவதும் அப்போதுதான். இமயமலைப் பக்கத்துத் திபெத்தியக் குடும்பங்கள் பனிக்குப் பயந்து கீழே இறங்கும் காலம் அது. பெரிய பிரார்த்தனைக் கூட்டங்கள் நடக்கும். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வயோதிகர்கள் மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுந்திருப்பார்கள். அவர்களில் ஒரு கிழவி இடம் கிடைக்காமல் வராந்தாவில் குளிரில் சுருண்டு கிடக்க, நான் உள்ளே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு கருணையைப் பற்றிப் புத்தகம் படிப்பதாக நினைத்துப் பாருங்கள்! அந்தப் படுக்கை அவளுக்கு வாழ்நாளில் ஒருமுறை. எனக்கோ அடுத்த தெருவில் வாடகை அறை உண்டு. கொடுக்கக் கையில் பணமும் உண்டு.

இன்னொரு சங்கடமும் இதில் இருக்கிறது. அங்கே நான் வெறும் விருந்தாளி அல்ல. மகாபோதிக் கோயில் யார் வசம் இருக்க வேண்டும் என்ற வழக்கு, 1891இல் இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர் அதன் நிலையைக் கண்டு மனம் வெதும்பிய நாளிலிருந்து நடக்கிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர். மாவட்டக் கலெக்டர் தலைவர். இது போதாது, முழுப் பொறுப்பும் எங்களுக்கே வேண்டும் என்று பௌத்தர்கள் 2025இலும் போராடினார்கள். வீட்டுச் சாவியில் பாதி என் சமயத்தார் கையில் இருக்கும்போது, திண்ணையையும் நான் போய் அடைத்துக்கொள்வது அழகல்ல.

இதையெல்லாம் கேட்ட தோட்டத்துக்காரர் சற்று நேரம் யோசித்தார்.

"கூட்டத்துல வேண்டாமுங்க, சரி. கூட்டமில்லாத காலத்துல ரூம்பு சும்மாதானே கெடக்கும்? நீங்க போயிக் காசு கொடுத்தா அவங்களுக்குக் கரண்டு பில்லு கட்டவாவது ஆகுமில்லீங்?"

அவர் விவசாயி, சும்மா கிடக்கும் நிலத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. காலியாக இருக்கும் அறையில் தங்கினால் யாருடைய இடமும் பறிபோவதில்லை. ஹோட்டலுக்குக் கொடுக்கும் வாடகையை உண்டியலில் போட்டால், அது குளிர்காலத்தில் வரும் கிழவியின் கம்பளிக்கு உதவும். இஷ்டப்பட்டதைப் போடு என்று சொல்லும் இடத்தில்தான் நம்முடைய இஷ்டம் எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே கணக்குப் பார்த்துப் போடுவதுதான் எனக்குப் பத்திரம்.

கடைசியில் மகாளய பட்சத்தை ஒட்டிப் போவது என்று முடிவாயிற்று. அப்போது கயாவில் பிண்டம் போடுகிறவர்களின் கூட்டம் தாங்காது. தோட்டத்துக்காரருக்கு அங்கே வேலை இருக்கிறது. அவர் அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கட்டும். எனக்குக் கயாவில் காரியமில்லை. அந்த நெரிசலில் நான் ஓர் இடத்தை அடைக்க வேண்டியதில்லை. புத்தகயையில் பெருங்கூட்டம் வருவதற்கு இன்னும் ஓரிரண்டு மாதம் இருக்கும். மடாலய விடுதிக்கு எழுதும் கடிதத்தில், நான் பௌத்தன் அல்ல, யாத்திரிகர்களுக்குக் கொடுத்தது போக அறை மீந்தால் போதும், யாராவது வந்துவிட்டால் காலி செய்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இடமில்லை என்று பதில் வந்தால் ஹோட்டல் இருக்கிறது.

புறப்படும்போது செய்ய வேண்டியதையும் விநய நூலில் பார்த்து வைத்துக்கொண்டேன். விருந்தாளியாக வரும் பிட்சு, தனக்குரிய அறை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தூசியாக இருந்தால் தானே பெருக்க வேண்டும். போகும்போது கட்டிலையும் பாத்திரத்தையும் ஒழுங்காக அடுக்கி, கதவு ஜன்னலைச் சாத்தி, இருக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு பௌத்தனாக இருக்க வேண்டியதில்லை. அடுத்து ஒருவன் வருவான் என்ற நினைப்பு இருந்தால் போதும்.