கரை தொட்டால் போதுமா?

சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் ஏழு நாள் அலாஸ்கா உல்லாசக் கப்பல் பயணத்தின் நிரலைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் ஆகிய அலாஸ்கா ஊர்களுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். கனடாவின் விக்டோரியாவுக்கோ பெரும்பாலும் கடைசி நாள் மாலைதான் மிஞ்சும். பொழுது சாயும் வேளையில் கப்பல் ஓக்டன் பாயின்ட் துறையில் வந்து அணையும். விருப்பமுள்ளவர்கள் பேருந்தேறிப் போய், விளக்கு வரிசையில் மின்னும் சட்டமன்றக் கட்டடத்தையும் எம்பிரஸ் ஹோட்டலையும் பார்த்துவிட்டு வருவார்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் கப்பலை விட்டு இறங்காதவர்களும் உண்டு. நள்ளிரவை ஒட்டிக் கப்பல் கிளம்பிவிடும், விடிந்தால் சியாட்டில். இந்தச் சில மணி நேரத்தைக் கேட்டு வாங்கியது 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று. அந்நியக் கரை எதையும் தொடாமல் திரும்பினால் அந்தப் பயணம் சட்டவிரோதம், தொட்டுவிட்டால் குற்றமில்லை. இப்படித் தொட்டுவிட்டு வருவது கீழ்ப்படிதலா, ஏய்ப்பா? கப்பல்காரர்களை மட்டும் தொடும் கேள்வி இல்லை இது. மத விதியோ அரசு விதியோ, ஒரு விதியின் கீழ் வாழ்கிற எவருக்கும் என்றாவது ஒருநாள் எழுந்தே தீரும்.

சட்டத்தின் பெயர் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் தொழிலை அந்நியக் கொடி பறக்கும் கப்பல் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். அதற்கு அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கர் உடைமையாக, அமெரிக்க மாலுமிகளோடு ஓடும் கப்பல் வேண்டும். தொடக்கத்தில் அபராதம் பயணி ஒருவருக்கு 2 டாலர். டிக்கெட் விலையோடு சேர்த்து வசூலித்துக் கட்டிவிட்டுப் போகக்கூடிய தொகை. 1898-இல் அதை 200 டாலராக உயர்த்தினார்கள். நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை: சொந்தக் கப்பல் கட்டும் தளங்களும் சொந்த மாலுமிகளும் சொந்தக் கரையை நம்பிப் பிழைக்க வேண்டும். ஆனால் அமெரிக்கத் தளங்களில் கடல் கடக்கும் பெரிய பயணிகள் கப்பல் கட்டுவது 1950-களோடு நின்றுபோயிற்று. இன்று அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய உல்லாசக் கப்பல் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ ஒன்றுதான். அதுவும் மிசிசிப்பியில் கட்டத் தொடங்கி, கட்டச் சொன்ன நிறுவனம் 2001-இல் திவாலாகி, ஜெர்மனிக்கு இழுத்துச் செல்லப்பட்டு 2005-இல் முடிந்த கப்பல். அதை அமெரிக்கக் கடலோரத்தில் ஓட்டுவதற்கே தனி விலக்குச் சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் வெளியே நிறுத்தும் அந்நியர் யார் என்று பார்த்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் தலைமையகம் மயாமி. பதிவு லைபீரியாவில். கப்பல்களில் பெரும்பாலும் பறப்பது பஹாமாஸ் கொடி. வரிக்கும் கூலிக்கும் தோதாக இரவல் வாங்கிய அந்நியத்தன்மை இது. இரவல் அந்நியக் கப்பல் பெயரளவுக்கு ஓர் அந்நியக் கரையைத் தொட்டுச் சட்டத்தைத் திருப்திப்படுத்துகிறது. எந்தக் கரை செல்லும் என்பதற்கும் விதி உண்டு. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பயணத்துக்கு ‘அருகிலுள்ள’ அந்நியத் துறைமுகம் ஒன்று போதும். வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் முடியும் பயணத்துக்கு ‘தொலைதூர’ அந்நியத் துறைமுகம் வேண்டும். மத்திய அமெரிக்கா முழுவதும் அருகு என்ற கணக்கில் வருகிறது, தென்னமெரிக்கா தொலைவு. எனவே ஃப்ளோரிடாவில் கிளம்பிப் பனாமா கால்வாய் வழியே கலிஃபோர்னியா போகும் கப்பல் பனாமாவில் நின்றால் செல்லாது. பக்கத்து நாடான கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் நின்றால் செல்லும். 2000-களின் முற்பாதியில் ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக் காட்டிய நார்வீஜியன் க்ரூஸ் லைன் கப்பல்கள், கிரிபாட்டி நாட்டின் ஃபேனிங் தீவு என்ற சிறு பவளத்திட்டைத் தொடுவதற்காக ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தெற்கே போய்த் திரும்பின.

நம் ஊரில் மூன்றாம் தாரம் ஆகாது என்று நம்புகிறவர்கள் முதலில் வாழைமரத்துக்குத் தாலி கட்டுவார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகு மணப்பெண் நான்காவதாகிவிடுவாள். பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விதியை நம்பாதவனுக்கு வாழைமரமே வேண்டியதில்லை; நேராகப் பெண் கழுத்தில் தாலி கட்டிவிடுவான். மரத்தைத் தேடிப் போகிறவன் விதியின் பிடிக்குள் இருக்கிறான். விக்டோரியாவில் நிற்கும் கப்பலும் அப்படித்தான். எரிபொருளும் நேரமும் துறைமுகக் கட்டணமும் செலவழித்து வளைந்து போவதே விதியின் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதுதான். இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. சட்டப் புனைவுகளைப் பற்றி எழுதிய அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர், ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் புனைவு பொய்யிலிருந்து வேறுபடுகிறது என்றார். விக்டோரியா நிறுத்தம் எதற்கென்று மாலுமிக்குத் தெரியும், சுங்க அதிகாரிக்குத் தெரியும், பயணிக்கும் தெரியும். ஏமாந்தவர் இல்லாத இடத்தில் பொய்யும் இல்லை. ஆனால் பொய் இல்லை என்பதாலேயே ஒரு செயல் நேர்மையாகிவிடுமா?

இங்கே வழக்கமாக வரும் பதில், சொல்லைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தைக் கைவிட்டவன் பாதி குற்றவாளி என்பது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இதற்கு மதிப்பு உண்டு: சட்டம் பொதுவாகப் பேசுவதால் சில இடங்களில் தவறும், அங்கெல்லாம் சட்டம் இயற்றியவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டுத் திருத்திக்கொள்வதே நியாயம் என்றார் அவர். ஆனால் நோக்கத்தை நடைமுறைப்படுத்தப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே துறையில் ஒரு சோதனை நடந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் போய்வரும் அந்நியக் கொடிக் கப்பல்கள் மெக்சிகோவின் என்செனாடாவில் பெயருக்கு நின்றுவிட்டு வந்தன. ஹவாயில் ஓடிய அமெரிக்கக் கொடிக் கப்பல்களுக்கு இது பாதகம் என்பதால், 2007-இல் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை ஒரு வரையறையை முன்மொழிந்தது. அந்நியத் துறைமுக நிறுத்தம் உண்மையானதாக இருக்க வேண்டுமானால் குறைந்தது 48 மணி நேரம் நீடிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் செலவிடும் மொத்த நேரத்தில் பாதிக்கு மேலாவது அங்கே இருக்க வேண்டும். பயணிகளை இறங்க அனுமதிக்க வேண்டும். எதிர்ப்பு எழுந்தது, முன்மொழிவு நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சட்டத்தின் உயிரை மீட்கப் புறப்பட்டவர்கள் கையில் கடைசியில் எஞ்சியது ஒரு கடிகாரம். அந்த விதி வந்திருந்தால் கப்பல்கள் 48 மணி நேரமும் ஒரு நிமிடமும் நின்றிருக்கும். நோக்கத்தை விதியாக எழுதியவுடனே அதுவும் எண்ணிக் கடக்கக்கூடிய இன்னொரு எழுத்தாகிவிடுகிறது.

இதிலிருந்து என் வாதம் பிறக்கிறது. கீழ்ப்படிகிறவனிடம் கேட்கக்கூடியது சொல்லை மட்டுமே. முன்கூட்டித் தெரிந்த சொல்லுக்குத்தான் ஒருவன் நடந்துகொள்ள முடியும். பிறர் மனதிலிருக்கும் நோக்கத்துக்கு ஏற்ப அவனைத் தண்டித்தால், அந்த நோக்கம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரி கையில் சட்டமே போய்விடும். நோக்கத்தைக் காக்கும் கடமை விதியை வைத்திருப்பவருடையது. ஒரு விதியின் நோக்கம் உயிரோடிருக்கிறதா என்று காலந்தோறும் கேட்டு, இருந்தால் அதற்கேற்பச் சொல்லைத் திருத்தவும், இல்லையென்றால் சொல்லைக் கைவிடவும் அவர் கடமைப்பட்டவர். வெறும் கரை தொடல் ஒழுக்கக் குறை என்றால், அந்தக் குறை தொட்டவனைவிட, தொட்டால் போதும் என்று தெரிந்தே வாளாவிருப்பவரைத்தான் சேரும்.

மத மரபு ஒன்று இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றியது என்பதற்கு யூதர்களின் ப்ரோஸ்புல் ஏற்பாடு நல்ல சான்று. ஏழாம் ஆண்டு வந்தால் கடன்கள் ரத்தாக வேண்டும் என்பது தோராவின் விதி. ஏழைக்கு இரங்கி எழுந்தது. நாளடைவில் ஏழாம் ஆண்டு நெருங்கும்போது கடன் கொடுப்பதையே நிறுத்தத் தொடங்கினார்கள். ஏழையைக் காக்க வந்த விதி ஏழைக்கே கதவடைத்தது. ஹில்லேல் என்ற பேராசான் ஒரு வழி செய்தார்: கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதாக எழுதிவிட்டால் அது ரத்தாகாது. இதுவும் புனைவுதான். ஆனால் அதைச் செய்தவர் விதிக்குப் பொறுப்பான அதிகாரம், செய்தது வெளிப்படையாக, காரணமும் விதி யாருக்காகப் பிறந்ததோ அவர்களின் நலன். புனைவு நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. கப்பல் சட்டத்தை இதில் உரைத்துப் பாருங்கள். விக்டோரியாவில் ஒரு மாலை நிற்பதால் எந்த அமெரிக்க மாலுமிக்கும் வேலை கிடைப்பதில்லை, எந்த அமெரிக்கத் தளத்திலும் ஒரு தகடுகூடப் பொருத்தப்படுவதில்லை.

நோக்கம் செத்துவிட்டது என்று அவ்வளவு எளிதாகச் சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறுகளிலும் கடலோரத்திலும் அமெரிக்கக் கொடியோடு சிறிய பயணிகள் கப்பல்களும் படகுகளும் ஓடுகின்றன. சட்டம் அவர்களுக்குக் காப்பு. லாஸ் ஏஞ்சலீஸில் ஏற்றி நேராக சான் ஃபிரான்சிஸ்கோவில் இறக்கும் தொழிலை அந்நியக் கொடிக் கப்பல் இன்றும் செய்ய முடியாது. இரவல் கொடியின் கீழ் குறைந்த கூலிக்கு உழைக்கும் சிப்பந்திகளைக் காட்டி, கதவைத் திறந்தால் உள்ளூர்த் தொழிலாளியும் அந்த நிலைக்கு இறங்குவான் என்று அஞ்சுவதும் வீணல்ல. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை சட்டத்துக்கான நியாயங்கள். கரை தொடும் சடங்குக்கான நியாயங்கள் ஆகா. சிப்பந்தியின் கூலிதான் கவலை என்றால் கூலியைப் பற்றிச் சட்டம் பேசட்டும். சிறு கப்பல்களுக்குக் காப்பு வேண்டுமென்றால், அவர்களோடு போட்டியிடாத பெரிய கப்பலை ஏன் வளைந்து போகச் சொல்ல வேண்டும்? இன்னொரு மறுப்பு விக்டோரியாவிலிருந்து வரும்: அந்த மாலை நேரத்தை நம்பிப் பேருந்து ஓட்டுகிறவரும் கடை வைத்திருப்பவரும் இருக்கிறார்கள், சடங்குக்கு இப்போது சொந்த நோக்கம் வந்துவிட்டதே என்று. பழைய புனைவின் மேல் மனிதர்கள் வீடு கட்டிக்கொள்வது உண்மைதான். விதியைத் திருத்துகிறவர் நிதானமாகத் திருத்த வேண்டும் என்பதற்கு அது காரணம். திருத்தவே கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது.

சட்டம் முற்றிலும் குருடு என்று எண்ணிவிடவும் வேண்டாம். சியாட்டிலில் ஏறி வான்கூவரில் முடியும் பயணம் செல்லும். வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியரில் இறங்கும் பயணமும் செல்லும். ஒரே பயணி ஒரே கப்பலில் இரண்டு டிக்கெட்டையும் தொடர்ச்சியாக வாங்கினால் செல்லாது. சியாட்டிலிலிருந்து விட்டியருக்கு ஏற்றிப்போனதாகவே கொள்ளப்படும். இங்கே சட்டம் காகிதத்தைத் தாண்டி உண்மையைப் பார்க்கிறது. விக்டோரியா நிறுத்தத்திலோ உண்மையைத் தாண்டிக் காகிதத்தைப் பார்க்கிறது. தனியாளான பயணியிடம் கூர்மையாகவும் பெருந்தொழிலிடம் தாராளமாகவும் விழும் பார்வை, விதி எந்த நோக்கத்தையும் மனதில் வைத்திருக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

2021-இல் அது வெட்ட வெளிச்சமாயிற்று. பெருந்தொற்றால் கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியது. தொடுவதற்குக் கரை இல்லை. அலாஸ்காவின் சுற்றுலாப் பருவம் முழுதும் கைநழுவும் நிலை. அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மே மாதம் குடியரசுத் தலைவர் பைடன் கையெழுத்திட்டார். வாஷிங்டன் மாநிலத்துக்கும் அலாஸ்காவுக்கும் இடையில் ஓடும் பெரிய உல்லாசக் கப்பல்களின் பயணம், தற்காலிகமாக, வெளிநாட்டுப் பயணமாகவே கருதப்படும் என்றது அது. நெருக்கடியில் தவித்த ஊர்களுக்கு அது உதவியது என்பதில் ஐயமில்லை. அந்த அளவில் நான் காட்டிய உரைகல்லில் அதற்கும் கொஞ்சம் மாற்று உண்டு. ஆனால் ஹில்லேலைப் போல விதியின் நோக்கத்தை எடுத்துவைத்து அவர்கள் பேசவில்லை. கரை தொடாமல் பயணங்கள் நடந்த அந்தப் பருவத்தில் சட்டத்தின் நோக்கத்துக்கு என்ன இழப்பு நேர்ந்தது என்ற கேள்வியை எழுப்பியிருக்க வேண்டியவர்கள் அவர்களே. கேட்டிருந்தால், அந்நியக் கரையைத் தொட்ட ஆண்டுகளிலும் அந்த நோக்கத்துக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்று விடை வந்திருக்கும். திருத்தும் அதிகாரம் உள்ளவரே புனைவுக்குள் ஒளிந்துகொள்ளும்போது, விதி யாரையும் காப்பதில்லை. தன்னை மட்டும் காத்துக்கொள்கிறது. கப்பல்காரன் தன் பங்குக்குக் கரையைத் தொட்டுவிட்டான். அந்தக் கரையைத் தொடச் சொல்வது எதற்காக என்று சொல்ல வேண்டிய கடன் சட்டம் இயற்றுகிறவரிடம் பாக்கி நிற்கிறது.