கேட்காமல் போட்ட டிக்

சூலியா தெருவில் இலவச மருத்துவப் பரிசோதனை. பாரம் நிரப்புவது என் வேலை. ஒரு பாட்டி முக்காடு போட்டிருந்தார். நானாகவே 'மலாய்க்காரர்' என்று டிக் போட்டுவிட்டேன்.

"நான் தமிழ்தான் தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய தெருவிலேயே இந்தத் தப்பு!

"நோய்க்கு ஏது இனம்? அந்தக் கேள்வியே வேணாம்" என்பான் என் நண்பன். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4. இனத்தைக் கேட்காமல் விட்டிருந்தால் இந்த இடைவெளி தெரிந்திருக்குமா? ஊகித்து எழுதினாலும் பாட்டி வேறு கணக்கில் போய்விடுவார். கேட்கணும், ஏன் கேட்கிறோம் என்றும் சொல்லணும், பதில் அவருடையது.

பேனாவை அவரிடமே கொடுத்தேன். 'இந்தியர்' கட்டத்தில் டிக் போட்டவர், "எந்த மொழியில சொன்னா எனக்குப் புரியும்னு இதுல கேட்கலையே?" என்றார்.