முதுமையில் எழுதுவோர் கடன்

பிள்ளைகள் அழைக்க, அறுபது வயதைக் கடந்தபின் வெளிநாடு வந்து சேர்ந்த எம்மவர் பலர் இங்கு எழுதத் தொடங்குகின்றனர். ஊரில் கடிதமும் கணக்கும் தவிர வேறொன்றும் எழுதியறியாதவர்கள், இங்கு ஒரு கொப்பி வாங்கிப் பிறந்த ஊரைப் பற்றியும் படித்த பள்ளியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். சிலர் அதனை நூலாக அச்சிட்டு, கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழாவும் வைக்கின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விட்டு வந்த ஊரைப் பற்றி எழுதுபவர் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

ஊரில் ஒருவர் தம்மை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சந்திக் கடைக்காரருக்கும் அவர் இன்னாரின் மகன், இன்ன வளவுக்காரர் என்பது தெரியும். இங்கோ பக்கத்து வீட்டாருக்கே அவருடைய பெயரை உச்சரிக்க வராது. வைத்தியரிடம் போவதற்கும் மகள் கூட வரவேண்டும். முப்பது ஆண்டுகள் பள்ளியில் படிப்பித்தவரும், தபாற்கந்தோரைப் பொறுப்பாக நடத்தியவரும் இங்கு 'அம்மப்பா' மட்டுமே. தாம் யார் என்பதைச் சொல்லிவைக்க வேறு வழி இல்லாதபோதே பலருக்குப் பேனா கைக்கு வருகிறது.

வயது இதற்குத் தடையல்ல. 1897 இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த நிராத் சௌத்ரி, 1970 இல் தமது எழுபதுகளில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் குடியேறினார். ஏற்கெனவே பெயர்பெற்ற எழுத்தாளரான அவர், தமது தன்வரலாற்றின் பெரும் இரண்டாம் பகுதியை வெளியிட்டது 1987 இல், தொண்ணூறை அண்மித்த வயதில். எம்மவரில், 1958 இனக்கலவரத்தின் பின் இங்கிலாந்து சென்று நூலகராகப் பணியாற்றிய அ. சிவானந்தன், இனவாதத்துக்கு எதிரான கட்டுரைகளால் நெடுங்காலம் அறியப்பட்டவர். அவருடைய முதல் நாவல் வெளிவந்தது 1997 இல், 73 வயதில். மூன்று தலைமுறைகளின் கதையைச் சொல்லும் அந்நூலின் ஆங்கிலத் தலைப்பு, 'நினைவு மரிக்கும்போது' எனப் பொருள்படும்.

அந்தத் தலைப்பின் பாரத்தை நாம் அறிவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையிலான நூல்களும் பல ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்த உறுதிகளும் படங்களும் நாட்குறிப்புகளும் போயின. ஆகவே இன்று ஒரு முதியவரின் கொப்பியில் உள்ளது பல வேளைகளில் அந்த ஊரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே பதிவு. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் பழைய நூல்களோடு நினைவு மலர்களையும் விழா மலர்களையும் தேடி மின்வடிவில் சேர்த்து வருகிறது. நாம் வீட்டுக்கென்று எழுதுவதை ஐம்பது ஆண்டின் பின் ஒருவர் சான்றாக எடுத்துப் படிக்கக்கூடும்.

சான்று என்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டைப் பாருங்கள். அதில் எல்லோரும் உத்தமர்கள், எல்லாக் குடும்பமும் நற்குடும்பம். துயர வேளையில் அது பொருத்தமே. ஆனால் ஊரைப் பற்றி எழுதும்போதும் நாம் கல்வெட்டே பாடினால் எப்படி? தொலைவும் குளிரும் நினைவுக்கு இனிப்பூட்டுகின்றன. கிணற்றுத் தண்ணீரின் சுவை நினைவில் நிற்கிறது. அந்தக் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்பது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

பொது இடங்களில் சாதித் தடையைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957 இல் வந்தது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்துக் கோயில்களைப் பற்றி, உள்ளே நின்றவருக்கு மணியோசை நினைவிருக்கும். வெளியே நின்றவருக்கு வாசல் நினைவிருக்கும். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதி ஊர்.

முதுமையில் புலம்பெயர்ந்தவருக்கு இதில் ஒரு தகுதி உண்டு என்பது எமது எண்ணம். வாழ்நாளெல்லாம் தம் ஊரில் உரிமையோடு நடமாடியவர், இங்கு வந்து அலுவலகக் கண்ணாடியின் மறுபுறம் கடுதாசிகளோடு காத்து நிற்கிறார். பேச வாய் இருந்தும் மொழி இல்லாமல் நிற்கிறார். வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பது அறுபது வயதின் பின் உடம்புக்குத் தெரியவருகிறது. அந்த அறிவோடு பழைய ஊரைத் திரும்பிப் பார்த்தால், அங்கு வேலிக்கு அப்பால் நின்றவர்களின் முகங்களும் தெரியும். வெளிநாட்டு வாழ்க்கை தரும் பெரிய பாடம் இதுவே. இதை எழுத்தில் சேர்க்காமல் விடுவது பட்ட துன்பத்தை வீணாக்குவதாகும்.

"பிள்ளைகளுக்கு நல்லதை மட்டும் சொல்வோமே, எங்கள் ஊரை நாங்களே குறை சொல்வதா?" என்று சிலர் கேட்கின்றனர். அன்பினால் எழும் கேள்வி அது. ஆனால் எம் பிள்ளைகள் எல்லாவற்றையும் தேடிப் படிப்பவர்கள். ஊரிலிருந்தே எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972 முதல் அச்சில் இருந்தது. அது என்றோ அவர்கள் கைக்கு வரும். அன்று அவர்கள், தாத்தா சொன்ன நல்லவற்றையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். மேலும், சோழநாட்டு அமைச்சராக இருந்த சேக்கிழார் தில்லையின் பெருமையைப் பாடியவர்தான். ஆயினும் திருநாளைப்போவார் தில்லை எல்லையில் உள்ளே போகத் தயங்கி நின்றதை அவர் மறைக்கவில்லை. அதனால் தில்லைக்குப் பெருமை குறைந்துவிடவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்பதும் அல்ல. ஒரு தனிமனிதரின் அந்தரங்கம் அவருடையது. அவர் இறந்துவிட்டார் என்பதனால் அது எமக்குச் சொந்தமாகாது. ஊரின் வழக்கமோ எல்லோருக்கும் உரியது. முன்னையதைக் காப்பதும் பின்னையதைச் சொல்வதும் ஒரே நேர்மையின் இரண்டு கடமைகள்.

ஆகவே எழுதுவோம். ஆண்டையும் இடத்தையும் தெரிந்த அளவுக்குக் குறிப்பிட்டு எழுதுவோம். எழுதியதைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்வோம். பிள்ளை இடையில் நிறுத்தி, "ஏன் அவர்களை உள்ளே விடவில்லை, அம்மம்மா?" என்று கேட்டால், அதற்குச் சொல்லும் பதிலையும் கொப்பியில் சேர்த்துக்கொள்வோம்.